உன் அத்தாவின் பிரஷர் மாத்திரையும் என் கைவைத்தியமும்

முல்லா வீதி, புதுச்சேரி
15.10.2006

அன்பு மகன் முஆஸுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் இந்தத் தடவை இப்போதைக்கு நலம் என்றுதான் எழுத வருகிறது. பாரிஸில் நீயும் ரூமானாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் சொல்லலாம், உன் அத்தா ரிசீவருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் கடிதம்.

போன வாரம் போனில், அத்தாவுக்கு பிரஷர் ஏறிவிட்டது, டாக்டர் மாத்திரையைக் கூட்டிவிட்டார், எல்லாம் நோன்பு திறந்ததும் கடைத்தெருவில் திருட்டுத்தனமாக சமோசா தின்பதால்தான் என்றேனே, அந்த சமோசா பொய். உன்னிடம் மட்டும் இல்லை, மீன் கொண்டுவரும் குருசுக்குப்பத்து ஜெயத்திடமும் சொல்லிவைத்தேன். மனுசன் கொசுவலைக் கடையைத் திறக்கப் போகும்போது அவள் கூடையை இறக்கிவைத்து, நாக்க கட்டுங்க பாய், வூட்டுல அக்கா அழுவுது என்று புத்தி சொல்லியிருக்கிறாள். அவரும் தலையைக் குனிந்துகொண்டு சரிம்மா என்று போயிருக்கிறார். நான் அழுதேன் என்பதும் பொய்தான்.

நடந்தது இதுதான். கஞ்சியோடு நான் சுடும் வடையைத் தின்று அவருக்கு நெஞ்செரிச்சல். என் வடையைக் குறை சொல்ல முடியுமா, மருந்துக்கடையில் நானே போய் வெள்ளையாகக் குழம்பு மாதிரி இருக்கும் நெஞ்செரிச்சல் மருந்தை ஒரு பாட்டில் வாங்கினேன். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்து, பாங்கு சொல்வதற்குள் சோறும் தின்று மருந்தும் குடிக்க வேண்டிய அவசரத்தில், பிரஷர் மாத்திரையை அந்த மருந்தோடு சேர்த்து ஒரே மடக்கில் கொடுத்துவிடுவேன். ஒரு வேலை மிச்சம் என்று பெருமை வேறு. பிரஷர் ஏறி டாக்டரிடம் போனபோது அவர் என் பையிலிருந்த பாட்டிலைப் பார்த்துவிட்டு, இந்த மருந்து கூட இருந்தால் சில பிரஷர் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது, உங்க மாத்திரை அந்த வகை, ரெண்டையும் ஒண்ணா போடறீங்களா என்று கேட்டார். உன் அத்தா என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். இல்ல டாக்டர், அது எப்பவாவது ராத்திரியிலதான் என்றார். வீதிக்கே வைத்தியம் சொல்கிற நான் சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் ஏறுகிறதே என்று டாக்டர் அளவை இரட்டிப்பாக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டிலைச் சத்தமில்லாமல் சாக்கடையில் கொட்டினேன், தப்பு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். தடுத்த மருந்து போனதும் இரட்டிப்பு மாத்திரை முழுசாக வேலை செய்யுமே என்று எனக்கு உறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் தொழும்போது, நெற்றியைத் தரையில் வைத்த ஸஜ்தாவிலிருந்து எழுந்தவர் கண் இருட்டிச் சாய்ந்துவிட்டார், ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். அதே ஆட்டோவில் டாக்டரிடம் கூட்டிப்போய், நான்தான் சேர்த்துக் கொடுத்தேன், நான்தான் நிறுத்தினேன் என்று சொன்னேன். பிரஷர் ரொம்பக் கீழே போயிருந்தது. டாக்டர் திட்டியிருந்தால் தேவலை, அன்னிக்கே சொல்லியிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காதேம்மா என்று மெதுவாகத்தான் சொன்னார். பழைய அளவுக்கே மாற்றி, மீதி நோன்பைப் பிறகு பிடிக்கச் சொல்லிவிட்டார்.

ஏன் பொய் சொன்னீங்க என்று வரும் வழியில் கேட்டேன். நர்ஸு புள்ளைங்கல்லாம் நிக்குது, உன்ன எப்புடி வுட்டுக் குடுக்கறது என்றார். நான் ஊரெல்லாம் விட்டுக் கொடுத்த மனுசன் இதைச் சொல்கிறார் முஆஸ். நேற்று ஜெயத்திடம் உண்மையைச் சொன்னேன், அப்ப பாய் நாக்கு சுத்தம், உன் கைதான்க்கா சரியில்ல என்று சிரிக்கிறாள்.

இனிமேல் நீங்களே எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று இன்று காலை மாத்திரை டப்பாவை அவர் பக்கம் தள்ளினேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டினார். வெறும் தண்ணீரோடு கொடுத்தேன், என்ன மாத்திரை என்று கூடப் பார்க்காமல் போட்டுக்கொண்டார்.

உங்கள் இருவருக்கும் அல்லாஹ் ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. நீயும் கண்ட நேரத்தில் தின்றுவிட்டு நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை போடுகிறாயாம், ரூமானா சொன்னாள். டாக்டரிடம் போனால் எல்லா மருந்தையும் சொல், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லாதே.

துஆவுடன்,
உன் அம்மா பரீதா