எடை போதாத உள்ளான்கள்

பிப்ரவரி 6

இன்றும் ஒன்றுமில்லை. வலையில் பறவை மாட்டுகிறது. பறவைமேல், அது போகுமிடத்தைக் காட்டும் என் கருவியை மாட்டத்தான் முடியவில்லை.

விடியும் முன் ஏரியின் கிழக்குச் சேற்றில் முழங்கால்வரை இறங்கி, வலையில் சிக்கிய உள்ளான்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, துணிப்பையில் போட்டு எடை பார்த்து, காலில் எண் வளையம் போட்டால், கடைசியில் பேராசிரியை சொல்வது ஒன்றே ஒன்று: "விட்டுடுங்க."

பறவையின் எடையில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் எதையும் அதன் முதுகில் கட்டக் கூடாதாம். என் கருவி 1.8 கிராம். அப்படியென்றால் பறவை அறுபது கிராமாவது இருக்க வேண்டும். வருவதெல்லாம் ஐம்பது, ஐம்பத்திரண்டு. நோஞ்சான்கள்.

"ரெண்டு கிராம்கூட இல்ல மேடம் இது."

"உங்க எடை என்ன தம்பி, அறுபது கிலோவா? ரெண்டு கிலோ பைய முதுகுல ஒட்டிக்கிட்டு, கழட்டாம, கண்டம் விட்டுக் கண்டம் போய்ட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

பறவையை விட்டுவிட்டு அடுத்த பையை எடுத்தேன்.

பிப்ரவரி 9

நிலைமை இதுதான். மார்ச் கடைசியில் ஏரி நிர்வாகத்தின் கூட்டம். ஏரியை முழுக்கத் தூர் வாரப் போகிறார்கள், கிழக்கில் ஆரம்பித்து. அனுமதி கிடைத்தால் ஏப்ரல் முதல் வாரமே மெஷின் இறங்கும். உள்ளான்கள் வடக்கே கிளம்புவதோ ஏப்ரல் கடைசியில். அவை தின்று கொழுக்க வேண்டிய நேரத்தில் தட்டையே பிடுங்குகிற வேலை.

"பறவைக்கு றெக்கை இருக்குல்ல? வேற பக்கம் போய்க்கும்" என்கிறார் நிர்வாகத்து இன்ஜினியர். (எப்போது பார்த்தாலும் மஞ்சள் தொப்பி. அறைக்குள் மின்விசிறிக்குக் கீழேயும் மஞ்சள் தொப்பி.)

கிழக்குச் சேற்றை விட்டால் அவற்றுக்கு வேறு வழியில்லை என்று வரைபடத்தில் காட்டத்தான் என் கருவி. அது பெட்டிக்குள் சுகமாகத் தூங்குகிறது.

பிப்ரவரி 14

அக்கா: "இன்னைக்காவது ஒரு குருவிக்கு பெல்ட்டு கட்டினியாடா?"

குருவி இல்லை என்று நூறு தடவை சொல்லியாயிற்று.

பிப்ரவரி 20

ஐம்பத்தொன்பது கிராம். என் கையில் இருந்தது. கருவி, பசை எல்லாம் தயார்.

"ஒரு கிராம்தானே மேடம்."

"இன்னைக்கு ஒரு கிராம்தானே. நாளைக்கு ரெண்டு கிராம்தானே. விடுங்க."

"கூட்டத்துக்கு எதக் கொண்டுபோறது? வெறுங்கையவா?"

"சாட்சி சொல்ல வரச் சொல்லிட்டு, சாட்சியவே கொன்னுட்டா எப்படித் தம்பி?"

விட்டேன். பைகளை மேசையில் எறிந்துவிட்டு வந்துவிட்டேன். இவங்க சட்டம் பேசிட்டே இருப்பாங்க, அந்தப் பக்கம் ஏரியே போயிடும். யாருக்காக இதெல்லாம்?

பிப்ரவரி 21

எடையை மட்டும் சத்தமாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

மார்ச் 13

அறுபத்து நான்கு கிராம்! கடைசியில் ஒன்று கிடைத்தது.

காலில் ஏற்கெனவே எங்கள் வளையம். பழைய விவரத்தோடு சேர்க்க வேண்டுமே என்று கணினியில் எண்ணைத் தட்டினேன். பிப்ரவரி ஆரம்பத்தில் இதே இடத்தில் பிடித்தது. அப்போது ஐம்பத்தொன்று.

அப்படியே நின்றுவிட்டேன். ஐம்பத்தொன்று போனது, அறுபத்து நான்கு வந்திருக்கிறது. எதைத் தின்று? காலுக்கடியில் இருக்கிற இந்தச் சேற்றுப் புழுவைத் தின்றுதானே.

"மாட்டுங்க தம்பி, எவ்ளோ நேரம் பையிலயே வெச்சிருப்பீங்க?"

"இருங்க மேடம்."

"பறவை மூச்சு முட்டிச் சாகப் போகுது, இருங்களாம்."

கருவியை மாட்டி அனுப்பினோம். இத்தனை நாள் இதற்குத்தான் அடித்துக்கொண்டேன். பறந்து போனதைக்கூட நான் பார்க்கவில்லை.

மார்ச் 15

இரண்டாம் முறை வலையில் சிக்கியவை இதுவரை பதினொன்று. பதினொன்றும் எடை கூடியிருக்கின்றன. பேராசிரியையிடம் காட்டினேன். துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால் கண்ணாடியைத் துடைக்கிறார்.

"பதினொண்ணுதானே. இத நம்பிக் கட்டுரை எழுதினா மூஞ்சில அடிச்சுத் திருப்பி அனுப்புவாங்க."

"கட்டுரை எழுத யாரு சொன்னா? மெஷின நிறுத்தணும் மேடம். கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு ரெண்டு பேரும் இத்தனை நாளா நெய்க்கு அலைஞ்சிருக்கோம்."

கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"சரி. மேற்குப் பக்கமும் வலை போடுங்க. 'வேற பக்கம் போய்க்கும்'னு சொன்னாருல்ல, போயிருக்கான்னு பாத்துடுவோம்."

மார்ச் 21

மேற்கில் ஒரு வாரம். கரையை ஒட்டியே இடுப்பளவு தண்ணீர். உள்ளான் ஒன்றுகூட இல்லை. ஒரு நீர்க்காகம் வந்து வலையைக் கிழித்துப் போட்டது. தைத்தது நான்.

மார்ச் 29

கூட்டம். நிர்வாகத் தலைவி, மஞ்சள் தொப்பி, இன்னும் ஆறேழு பேர். எடை கூடியவை இதற்குள் பதினைந்து. பேராசிரியை பேசினார். மெதுவாக, "இருக்கலாம்", "தெரிகிறது" என்று. எனக்கு உள்ளே எரிந்தது. நேரா அடிச்சு சொல்லித் தொலைங்களேன்.

"பதினஞ்சு பறவைக்காக ஏரிய அப்படியே விட முடியுமா? கோடைல ஊருக்குத் தண்ணி வேணும்" என்றார் மஞ்சள் தொப்பி.

"ஊருக்குத் தண்ணி வேணாம்னு யார் சார் சொன்னது? தண்ணி நிக்கிறது மேற்கால. அங்க வாருங்க. கிழக்கால கெண்டைக்கால் நனையாது. அதத் தோண்டினா உங்களுக்குப் பெருசா ஒண்ணும் தேறாது, அதுங்களுக்கு எல்லாமே போயிடும்." இதை மட்டும் பேராசிரியை அடித்துச் சொன்னார்.

தலைவி என்னைப் பார்த்தார். "அந்தக் கருவியெல்லாம் என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல மேடம். நாலுதான் மாட்டினோம், அதுவும் இப்பதான். தராசு சொன்னதத்தான் கொண்டுவந்திருக்கோம்."

தொப்பி சிரித்தார். தலைவி சிரிக்கவில்லை.

முடிவு: இந்த வருடம் மேற்கு மட்டும். செப்டம்பரில் பறவைகள் திரும்பி வந்ததும் அடுத்த பருவத்து எடைகளையும் பார்த்தபின் கிழக்கைப் பற்றிப் பேசலாம். ஒத்திப்போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். காரில் வரும்போது பேராசிரியையிடம் அதையே சொல்லிப் புலம்பினேன்.

"சேறு இருக்குல்ல தம்பி" என்றார்.

ஏப்ரல் 27

மூன்றாவது நாளாக வலை காலி. மேற்கே மெஷின் உறுமுகிறது. கிழக்கே எங்கள் கால்தடம் மட்டும்.

"கிளம்பிட்டாங்க" என்றார் பேராசிரியை. என்னவோ சம்பந்தி வீட்டாரை ரயிலேற்றிவிட்ட மாதிரி.

சாயங்காலம் அக்கா கேட்டாள். "அப்போ இனிமே வெள்ளெனப் பாத்திரத்த உருட்டி எங்க தூக்கத்தக் கெடுக்க மாட்டே?"

"செப்டம்பர் வரைக்கும் கெடுக்க மாட்டேன்" என்றேன்.