ரெஜியின் கம்பியூட்டரும் என் இருபது நிமிடமும்

ஜூன் 16, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. தரம் 7 கணக்குக் கொப்பிகள் நாற்பத்தொன்று. திருத்தியது ஒன்பது.

காரின் முன்பக்கம் பிரித்துப் போடப்பட்டிருக்கிறது. ரேடியோ இருந்த இடத்தில் ஓட்டை, ஓட்டைக்குள்ளிருந்து வயர்கள். கார் என்னுடையது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து கலஹா ஸ்கூலுக்குப் பன்னிரண்டு வருடம் பஸ் மாறி மாறி, பாதி நாள் நின்றுகொண்டே போய், கடைசியில் என் பெயரில் வாங்கியது. பிரித்தவர் என் புருஷன் ரெஜினோல்ட். இனி இந்தக் கொப்பியில் ரெ. முழுப்பெயர் எழுதுகிற அளவுக்கு இன்று மனசில் மரியாதை இல்லை.

சாப்பாட்டு மேசையில் இப்போது இருப்பவை: செத்துப்போன லெப்டொப்பின் திரை. சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு பச்சைத் தகடு (அதுதான் காருக்கு வழி சொல்லப்போகிற கம்பியூட்டராம்). ஐஸ்கிரீம் டப்பா. ப்ளைவுட் துண்டு. பசை உருக்குகிற துப்பாக்கி. என் நகவெட்டி. இவற்றுக்கு நடுவில் பருப்புக் கறி.

"இதெல்லாம் ஃபோன்லயே இருக்குதானே?" என்று கேட்டேன்.

"ஃபோன் வேற. இது நானே செய்றது."

அதுதான் எனக்குப் பயம்.

ஜூன் 17, செவ்வாய்

மழை இல்லை. வயர்கள் முழங்காலில் இடிக்க இடிக்க ஸ்கூலுக்குப் போய் வந்தேன்.

வரும் வழியில் வழக்கமான இடத்தில் நிறுத்தினேன். இரண்டு மணி. கலஹாவிலிருந்து இறங்கும்போது, தேயிலை முடிந்து பைனஸ் மரங்கள் தொடங்குகிற வளைவு. ஒரு மதகு, கொஞ்சம் புல், வேறொன்றும் இல்லை. எஞ்சினை நிறுத்தி, ஃபோனை ஒஃப் பண்ணி, செருப்பைக் கழற்றி, சீட்டைப் பின்னால் சாய்த்து, இருபது நிமிடம். கன்டீனில் மீன் அடைத்த மாலுபாண் மிஞ்சியிருந்தால் தின்பேன். எதையும் யோசிப்பதில்லை. ஜெபம்கூடச் சொல்வதில்லை.

நாலரைக்கு எழும்பினால் படுக்கிற வரைக்கும் யாராவது என்னைக் கூப்பிடுகிறார்கள். ரெ., ரெ.யின் அம்மா (என் மாமி), பிள்ளைகள் இரண்டு, வகுப்பில் நாற்பத்தொரு பேர். பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று உப்பு எங்கே என்று கேட்கிற வீடு இது. யாரும் கூப்பிடாதது அந்த இருபது நிமிடம் மட்டும். நாலு வருடமாக நிறுத்துகிறேன். யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியக் கூடாது.

பின்னேரம் ரெ. திரையை ரேடியோ ஓட்டையில் பூட்டினார். ஐஸ்கிரீம் டப்பாவுக்குக் கறுப்புப் பெயின்ட். காயவில்லை, என் சேலையில் ஒட்டியது.

ஜூன் 18, புதன்

மூட்டம். அது பேசுகிறது. கேட்டைத் தாண்டுவதற்குள் ஒரு பெண் குரல், செய்தி வாசிக்கிற தமிழில்: "நூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்." நான் பிறந்ததிலிருந்து திரும்புகிற சந்தி. ரெ. கேட் பக்கத்தில் நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, சர்ச்சில் முதல் நன்மை வாங்கப் போகிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். ஃபாதரைக் கூப்பிட்டு மந்திரிக்காத குறை.

திரை பெரிது. இடது பக்கக் கண்ணாடியில் பாதி தெரியவில்லை. அதற்காக அடுத்ததாக ஒரு கெமரா வைக்கப்போகிறாராம். கண்ணாடியை மறைத்துவிட்டு, மறைத்ததைக் காட்ட ஒரு கெமரா. இந்த மூளைக்குத்தான் மாமி வாரத்துக்கு இரண்டு நாள் வல்லாரைச் சம்பல் போடுகிறார்.

வளைவில் நிறுத்தினேன். கீயை எடுத்ததும் திரை இருண்டது. நிம்மதி.

பின்னேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கும்போது ரெ. அதற்கு "தேங்க் யூ" சொன்னார். காதால் கேட்டேன். பதினாறு வருடமாக எனக்கு... எழுதி என்ன.

ஜூன் 20, வெள்ளி

குளிர். 5.50க்கு கீயைத் திருப்பினால் ஒரு முனகல், அவ்வளவுதான். பெட்டரி படுத்துவிட்டது. பக்கத்து வீட்டு ஃபாரூக் நானா, மடவளையில் கடை வைத்திருப்பவர், தன் வேனைக் கொண்டுவந்து வயர் கொடுத்துப் பார்த்தார். அசையவில்லை. ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், இது கார் மாதிரி இல்ல. கம்பியூட்டருக்கு டயர் பூட்டின மாதிரி ஈக்கிது."

அந்த வீதியில் மூளையுள்ள ஒரே ஆண்.

ரெ.யின் விளக்கம்: "கீயை எடுத்தாலும் அது முழிச்சிக்கிட்டு இருக்கணும் ஸ்டெல்லா. இல்லன்னா வண்டி எங்க நிக்குது, எவ்வளவு நேரம் நிக்குதுன்னு அதுக்குத் தெரியாம போயிரும்."

"தெரிஞ்சி என்ன செய்யப்போவுது?"

"சேத்து வைக்கும்."

எதைச் சேர்த்து வைக்கும் என்று கேட்க நேரமில்லை. என் கவனமெல்லாம் பஸ்ஸில். பேராதனையில் கலஹா பஸ் முக்கால் மணி நேரம் வரவில்லை. ஸ்கூலில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே, பிந்தி வந்தவர்கள் வரிசையில் கையெழுத்து. பன்னிரண்டு வருடம் பஸ்ஸில் போனபோது ஒரு நாளும் சிவப்புக் கோடு பார்த்ததில்லை.

ஜூன் 22, ஞாயிறு

வெயில். காலைப் பூசை. மத்தியானம் கோழிக்கறி. அதன் பிறகு திறப்பு விழா.

புது பெட்டரி போட்ட காரில் மாமியை முன் சீட்டில் உட்கார வைத்து, ரெ. ஒவ்வொன்றாகக் காட்டினார். வரைபடம். வேகம். ஞாயிறு ஜெபப் பாட்டு. பிறகு "நிறுத்தங்கள்" என்று ஒரு பட்டியல். கட்டுகஸ்தோட்டை. ஸ்கூல். பெயரில்லாத இடம், புதன் 2.00 – 2.20. பெயரில்லாத இடம், வியாழன் 2.01 – 2.21.

மாத்திரை டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று தினமும் என்னைக் கேட்கிற மாமிக்கு இது மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"என்னடா இது, ரெண்டு நாளும் ஒரே எடம்?"

ரெ.க்குப் பூரிப்பு. "பாத்தீங்களா அம்மா, எவ்வளவு கரெக்டா பிடிக்குது!"

கடவுளே. முதலில் பெருமைப்பட்டார். பிறகுதான், மெதுவாக, முகம் மாறியது. பிறகு என்னைப் பார்த்தார்.

"அங்க யாரு இருக்கா?" மாமி கேட்டார்.

"யாரும் இல்ல."

போய்ப் பார்த்தால் போகிறது என்று மாமி. போனோம். மூன்று பேரும். வழி முழுக்க மெஷின் மட்டும் பேசியது. வளைவில் மாமி இறங்கி மதகுக்குள் குனிந்து பார்த்தார். மரங்களுக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தார். ஒரு மாடு நின்றது. ரெ. சப்பாத்தால் புல்லை விலக்கினார், எதையோ தொலைத்தவர் மாதிரி.

"இங்க என்ன செய்வ?"

"சும்மா இருப்பேன்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மா."

"சும்மா இருக்கிறதுக்கு வீடு இருக்கே!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அங்கே ஒரு ஆள் இருந்திருந்தால் நம்பியிருப்பார்கள், கத்தி முடித்திருப்பார்கள். ஒருத்தரும் இல்லை என்றதைத்தான் நம்ப முடியவில்லை.

ஜூன் 23, திங்கள்

மழை. வளைவில் நிறுத்தவில்லை. 2.30க்கே வீடு. மாமி கேட்டருகில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேராகக் குசினிக்குள் போனேன். தலைவலி. ஒன்றுமில்லாததற்குச் சின்னவளுக்கு அடித்துவிட்டேன். பிறகு அவளிடம் மன்னிப்பு, கையில் பிஸ்கட்.

ரெ. காருக்குள் ஒரு மணி நேரம் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார்.

ஜூன் 24, செவ்வாய்

மழை. தட்டியது என்னவென்று இன்று தெரிந்தது. வளைவு நெருங்கும்போது திரையில் மஞ்சள் நட்சத்திரம். அந்தக் குரல்: "ஸ்டெல்லாவின் இடம். உங்கள் இடதுபுறத்தில்."

நிறுத்தவில்லை. ஓட்டிக்கொண்டே அழுதேன். பேராதனை வரைக்கும்.

வீட்டில் ரெ. வாசலிலேயே கேட்டார்: "கேட்டுச்சா? பேரில்லாம ஒரு மாதிரியா இருந்துச்சி. அதான் பேரு வச்சிட்டேன்."

நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருக்கிறார். உண்மையாகவே.

ஜூன் 25, புதன்

தூறல். 1.40க்கு ஸ்கூல் கேட்டில் ரெ. அரை நாள் லீவு, பஸ்ஸில் வந்திருக்கிறார். கையில் ப்ளாஸ்க், இரண்டு கோப்பை, ஒரு பை முறுக்கு. "டீச்சர், உங்க சேர் வந்திருக்காரு!" என்று ஸ்டாஃப் ரூமே எழும்பி நின்றது. சந்தேகப்பட்டு வந்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். முறுக்கோடு வந்த ஆளை என்ன செய்வது?

வளைவு. "நிப்பாட்டு, நிப்பாட்டு." நிறுத்தினேன். தேநீர் ஊற்றினார். பேசினார். மெஷின் எத்தனை செட்டலைட்டைப் பார்க்கிறது, மழை மூட்டத்தில் ஏன் கொஞ்சம் தடுமாறுகிறது, அடுத்து மழைக்குத் தானாக ஓடுகிற வைப்பர். முறுக்கைக் கடித்துக்கொண்டே பேசினார். திரையில் மணி 2.09.

"நல்ல எடம்தான் ஸ்டெல்லா. இனி புதன்கிழமையில நானும் வரலாம்."

"ரெஜி," என்றேன். பெயர் சொல்லிக் கூப்பிடுவது வருடத்துக்கு ஒரு தடவை. "யாரும் இல்லாம இருக்கத்தான் நான் இங்க வர்றேன்."

"நானும் யாரோவா?"

"நீங்களும் இல்லாம இருக்கத்தான்."

ப்ளாஸ்க்கின் மூடியைத் திருகினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. இறங்கிப்போய் மதகில் நின்றார். ஒரு பஸ் வந்தது. கையைக் காட்டி ஏறிவிட்டார். அது கலஹாவுக்கு ஏறுகிற பஸ். வீடு எதிர்ப்பக்கம். போர்டைக்கூடப் பார்க்கவில்லை, மடையர்.

பின்னாலேயே போயிருக்க வேண்டும். போகவில்லை. சீட்டைச் சாய்த்தேன். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் அதிகம். இருபது நிமிடமும் இருந்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

ரெ. வீட்டுக்கு வந்தபோது ஆறேகால். கலஹாவில் இறங்கி, திரும்பி வருகிற பஸ்ஸுக்கு மழையில் நின்றாராம். துவாயை நீட்டினேன். தலையைத் துடைத்துக்கொண்டே, மாமிக்குக் கேட்காமல், "நாளைக்கும் நிப்பியா?"

"நிப்பேன்."

துவாயைத் தோளில் போட்டுக்கொண்டார். "சரி. அந்த எடம் வந்தா மெஷின் தானா கண்ண மூடிக்கிற மாதிரி செஞ்சிர்றேன். நட்சத்திரத்தையும் எடுத்திர்றேன்."

ஒரு வயரைப் பிடுங்கினால் முடிகிற வேலை. அதற்குப் புதிதாக ஒரு புரோகிராம் எழுத வேண்டுமாம், மூன்று நாள் ஆகுமாம். சரி என்றேன்.

ஜூன் 26, வியாழன்

வெயில். நின்றேன், 2.00 – 2.20. மாலுபாண் இருந்தது.

வீட்டுக்கு வந்தால் மாமி கேட்டில். பிள்ளைகள் டியூஷனில், ரெ. ஒஃபீசில். தொடங்கப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். காரைச் சுற்றி வந்து, என் பக்கம் பார்க்காமல், கதவுப் பிடியைத் துடைத்தபடி சொன்னார்:

"என்னையும் ஒரு நாளைக்கு அங்க கொண்டுபோயி எறக்கி விடு. நீ நிக்க வேணாம், போயிரு. பொறகு வந்து கூட்டிக்க."

எத்தனை நிமிடத்தில் வரட்டும் என்று கேட்டேன்.

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? நான் இருந்து பாத்ததே இல்லையே."