என் பெயரைச் சொன்ன ஜெபம்

1956, ஆனி மாதம், புதன் இரவு

இது யார் கையில் கிடைத்தாலும் ஒருவருக்கும் காட்டாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்.

கணக்கு வகுப்பு என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, இன்றும் பிரஸ்பிட்டேரியன் சபையின் வாசிப்புக் கூட்டத்துக்குப் போனேன். வேதாகமத்தைத் தமிழிலும் கன்னடத்திலும் மாறி மாறி வாசித்தோம். முடிந்ததும் வழக்கம்போல ஒவ்வொருவர் குறையையும் பெயர் சொல்லி ஜெபித்தார்கள். போதகரின் மனைவி கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, சரோஜாவைத் தாய்மாமனுக்குக் கட்டிவைக்காமல் மேலே படிக்க வையும்" என்றார். நான் அவரிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னது அது. எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன்.

கண்ணைத் திறந்தால், வாசலில் எங்கள் மாந்தோப்பில் வேலை செய்யும் மாரக்கா பழக்கூடையோடு நிற்கிறாள்.

"ஏம் பாப்பா, மாமன் வேணாம்னு சாமிக்கே மனு போட்டுட்டியா?" என்று சிரித்தாள்.

"அப்பாகிட்ட சொல்லிடாத மாரக்கா."

"நான் எதுக்குச் சொல்றேன்? அத்தினி பேரு கேட்டாங்களே!"

போதகரின் மனைவி மேல் கோபம் வரவில்லை. எனக்காக இதுவரை யாரும் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. அப்பா கேட்டால், அது நான் சொன்னதுதான் என்று ஒப்புக்கொள்வதா? ஒப்புக்கொண்டால் நாளையே பள்ளிக்கூடம் நின்றுவிடும். இல்லை என்று மறுத்தால், மாமனுக்குச் சம்மதம் என்றாகி ஆவணியில் கல்யாணம். எப்படியானாலும் படிக்க வேண்டும் என்று ஒருமுறை என் வாயாலேயே அப்பாவிடம்—

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான்.