பட்டியலில் இல்லாத கண்ணாடி

கூரூ ஏவுதளம், வியாழக்கிழமை

அன்புள்ள டெல்ஃபினா,

முழங்கால் வலி குறைந்ததா? தூரினில் பனிமூட்டமா? இங்கே ஓயாத மழை. நான் நலம்.

இழுப்பறையில் இருக்கும் என் பழைய மூக்குக் கண்ணாடியை அனுப்பிவை. புதியதை, விண்வெளி நிலையத்துக்குப் போக நாங்கள் சாமான் ஏற்றும் சரக்குக் கலத்துக்குள் மறந்து வைத்துவிட்டேன். உள்ளே எடுத்துப்போகும் ஒவ்வொரு பொருளையும் வாசலில் எழுதி, வெளியே வரும்போது சரிபார்ப்பது வழக்கம். கண்ணாடியை மட்டும் நான் எழுதவில்லை. முந்தின நாள்தான் மேலாளர் லோயிக், "என்ன பெரியவரே, கண்ணு தெரியுதா, இல்ல ஊருக்கு அனுப்பிடட்டுமா?" என்று கேட்டார். "கழுகுக் கண்ணு சார்" என்றேன். அதனால் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டு போனேன். பட்டியல் சரியாக இருந்தது, கதவை மூடிவிட்டார்கள்.

நீ சிரிப்பாய். ஆனால் மேலே எடை கிடையாது. கண்ணாடி உடைந்தால் சில்லுகள் கீழே விழாது. காற்றில் மிதந்து, அங்கிருக்கும் ஆறு பேரின் கண்ணிலும் மூச்சிலும் ஏறும். அவர்கள் என் பட்டியலை நம்பித்தான் கதவைத் திறப்பார்கள். இரண்டு நாளாக இதை மறைத்து வைத்திருக்கிறேன்.

இதை உனக்கு எழுதிய பிறகுதான் தைரியம் வந்தது. லோயிக்கிடம் சொல்லப் போகிறேன். ஏவும் தேதி தள்ளிப்போகும். இந்த வயதில் என்னை வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

வண்டி வந்துவிட்டது. கண்ணாடியை அனுப்பாதே. இழுப்பறையிலேயே இருக்கட்டும், நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

உன்
ஒரேஸ்தே