நீ அனுப்பிய 'கேன்'

இன்று காலை, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் என் போனுக்கு ஒரே ஒரு சொல் அனுப்பியிருந்தாள். 'கேன்.' ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் வேண்டும் என்று பலகையில் எழிதிப் போட்டிருந்தேன், வருகிறாளாம். குடித்துக்கொண்டிருந்த தேநீரை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

பண்டமாரான் கிடங்கில் உனக்கும் எனக்கும் பதினொரு வருஷம். நீ பெட்டி அடுக்கினாய். யாருக்கு எப்போது வேலை என்று நான் அட்டவணை போட்டேன். முடியுமா என்று கேட்கவும் முடியும் என்று சொல்லவும் நம் ஊரில் அந்த ஓர் ஆங்கிலச் சொல் போதும். உன் வாயில் மட்டும் அது விதவிதமாக வரும். 'கேன் லா' என்று நீ இழுத்தால் மனசார சம்மதம். 'கேன், கேன்' என்றால் போதும், ஆளை விடு. 'ஓல்சோ கேன்' என்றால் பிடிக்கவில்லை, ஆனாலும் எனக்காக. மூச்சை உள்ளே இழுத்து மெதுவாகச் சொன்னால் முடியவே முடியாது.

"முடியாதுன்னு வாயைத் திறந்து சொன்னா என்னடி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீதான் கண்டுபிடிச்சிடுறியே லா, நான் வேற எதுக்குச் சொல்லணும்?" என்று சிரித்தாய்.

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. வாசலில் லோரிகள் வரிசையாக நின்றன, இரண்டு பேர் லீவு. நீ சாப்பிடாமல் இடது தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாய். "இழுக்குதுடி, ஒண்ணுமில்ல" என்றாய். உனக்கும் எனக்கும் நடுவே இருபதடி தூரம்கூட இல்லை. நான் என் மேசைக்குப் போய் உட்கார்ந்து போனில் எழுதினேன்: நாளைக்கு டபுள் ஷிப்ட், கேன்?

கேன், என்று பதில் வந்தது.

ஞாயிறு மதியம் பெட்டிகளுக்கு நடுவே சரிந்தாய். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"அவதானே வரேன்னு சொன்னா, நீங்க என்ன பண்ணுவீங்க அக்கா" என்று உன் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் தலையாட்டினேன். வெட்கங்கெட்டவள் நான்.

உனக்காவது உண்மையைச் சொல்கிறேன். நான் எழுதிக் கேட்டது வேலை அவசரத்தால் அல்ல. நேரில் கேட்டால் உன் குரல் காட்டிக்கொடுத்துவிடும், உன்னை விட்டுவிட வேண்டியிருக்கும் என்று தெரிந்தேதான் எழுதினேன்.

இப்போது எல்லோரையும் கூப்பிட்டுத்தான் கேட்கிறேன். அந்தப் பெண்ணையும் கூப்பிட்டேன். "கேன் லா, அக்கா" என்று நன்றாக இழுத்தாள். இதனால் உனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, எனக்கும் இல்லை.

நீ அனுப்பியது என் போனில் அப்படியே இருக்கிறது. அதைத் திறக்கும்போதெல்லாம் நீ மூச்சை உள்ளே இழுப்பது எனக்குக் கேட்கிறது.