சதுப்பில் செத்தவர்கள்

அன்புள்ள அப்பாவுக்கு, யுஸ்தினாவின் வணக்கம். உங்கள் இருமல் குறைந்ததா? நான் நலம். எல்லோரும் தூங்கிய பிறகு, விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் நம் கொசாக்கு வீரர்கள் போலந்து அரசரிடம் தோற்ற சண்டையைப் பற்றிப் பள்ளியில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். தளபதிகள் தப்பி ஓடினார்கள், நம்பி வந்த குடியானவர்கள் பெண்டு பிள்ளைகளோடு சதுப்பில் மூழ்கினார்கள் என்று நீங்கள் சொன்னபடியே எழுதினேன்.

"நம்ம ஆளுங்க ஓடினாங்களா? போலந்துக்கார டீச்சருக்கு வால் பிடிக்கிறியாடி?" என்று கேட்டு, என் அறையில் இருக்கும் ஓரிஸ்யாவும் தோழிகளும் என் பின்னலை வெட்டிவிட்டார்கள். முடிதானே, வளர்ந்துவிடும். தலைக்குட்டை ஒன்று அனுப்புங்கள்.

அந்த ஹெலெனா டீச்சருக்கும் கோபம். "செத்தது கொள்ளைக்காரங்க. பிள்ளைங்கன்னு உனக்கு யாரு சொன்னா, கண்ணு?" என்று பிரம்பை மேசைமேல் வைத்துக் கேட்டார். காயவைத்து அடுப்பெரிக்கச் சதுப்பு மண் வெட்டும்போது சின்னச் சின்ன எலும்புகளைப் பார்த்தவர் யார் என்று சொன்னேன். உங்கள் பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டார். போலந்து ஆட்சிக்கு எதிராகக் கலகம் பேசுகிற ஆள் என்று நாளை போலீசுக்கு எழுதி அனுப்புவாராம்.

விடிந்ததும் நம் ஊர்ப் பால்காரரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். கிடைத்த உடனே சித்தப்பா வீட்டுக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து ஒரு வரியாவது எழுதுங்கள்.

டீச்சர் என்னை அடிக்கவில்லை, அப்பா. அதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

யுஸ்தினா