கவிழ்த்த வாளி

ஞாயிறு, ஆகஸ்ட் 1982. ஈப்போ.

படுத்தும் தூக்கம் வரவில்லை. எங்கள் பழைய ரப்பர் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் இன்று கோயில் மண்டபத்தில் 'தலைவன் என்பவன் யார்' என்று பேசினார். இப்போது அவர் லகாட்டில் பிளாஸ்டிக் பேக்டரி முதலாளி. பொன்னாடை எல்லாம் போர்த்தினார்கள்.

"தண்ணிக் குழாய் கேட்டு ஸ்ட்ரைக் பண்ண அன்னிக்குக் காலையில, பெரட்டுல பேர் கூப்பிடுறப்ப எல்லாரும் பயந்து நின்னாங்க. நான்தான் பால் வாளியைக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்தேன். அதுக்கப்புறம் ஒருத்தரும் மரம் சீவப் போகல. அதான் தலைமைத்துவம்!" என்றார்.

மனுஷன் அன்று பெரட்டுக்கே வரவில்லை. லயத்து வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் போடத் துரை ஒத்துக்கொண்ட பிறகு, மத்தியானம்தான் மாலை வாங்கிக்கொள்ள வந்தார். வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தது எங்களோடு மரம் சீவிய முனியம்மாக்கா. ஆள் கணக்கு எழுதும் கிராணி எவ்வளவு கத்தியும் எழுந்திருக்கவில்லை.

அதே அக்கா இன்று என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அந்தக் கதையைக் கேட்டதும் எல்லாருக்கும் முன்னால் கை தட்டினார்.

"என்னக்கா, நீங்க செஞ்சதை அவரு செஞ்சதா சொல்றாரு, தட்டுறீங்க?" என்றேன்.

"சும்மா இருலா தம்பி. எம் மவன் அவரு பேக்டரியிலதான் இருக்கான். ஆளுங்களை மேய்க்கிற மண்டோர் ஆக்குறேன்னு சொல்லியிருக்காரு."

அக்காவுக்காவது ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு அந்த பேக்டரியில் யாரும் இல்லை, அவரிடம் ஆக வேண்டிய காரியமும் இல்லை. பேச்சு முடிந்து மண்டபமே எழுந்து கை தட்டியபோது, நானும்தான் எழுந்து நின்று தட்டினேன்.